உண்ணிக் காய்ச்சலில் தீசிஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு, சூடு ஆறும் முன் சில விஷயங்கள்

ஒருவழியாக என் தீசிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல், நோயாளிகளுக்கு வரும் சிக்கல்கள்தான் தலைப்பு. கைடு (வழிகாட்டும் பேராசிரியர்) ஒதுக்கீடு, சாம்பிள் சைஸ் கணக்கு, பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தது எல்லாம் எல்லோருக்கும் நடப்பது போலவே நடந்தது, சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் படுத்தி எடுத்தவை வேறு.

முதலில் எதிக்ஸ் கமிட்டி, நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழு. இந்தக் காய்ச்சலுக்கு ஒரு சீசன் உண்டு. ஐப்பசி மழைக்குப் புல்லும் புதரும் தழைத்ததும் வார்டு நிரம்ப ஆரம்பிக்கும், தை மாசி வரை ஓடும். அதன் பிறகு தேடினாலும் கேஸ் கிடைப்பது அரிது. மூன்று வருடப் பி.ஜி. படிப்பில் டேட்டா எடுக்க வாய்ப்பதே அதிகபட்சம் இரண்டு மழைக்காலம். கமிட்டியோ சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும். புரட்டாசிக்குள் ஒப்புதல் கைக்கு வராவிட்டால் அந்த வருடம் போச்சு.

எனக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகப் பார்த்தது. கமிட்டி அலுவலகத்தில் இருந்த கிளார்க் ஃபைலைப் புரட்டிவிட்டு, "எல்லாப் பக்கத்துலயும் கைடு கையெழுத்து வேணும்மா" என்றார். போன கூட்டத்துக்கு சீனியர்கள் யாரும் அப்படி வாங்கவில்லையே என்று கேட்டேன். "அது போன கூட்டம்" என்றார், அவ்வளவுதான். கைடு அப்போது வெளியூரில் எக்ஸாமினர் டூட்டியில் இருந்தார். அவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டு நான் கொண்டுபோனபோது, தமிழ் ஒப்புதல் படிவத்தில் பக்க எண் இல்லை என்று இன்னொரு குறை. எழுதி ஒட்டாத செக்லிஸ்ட் ஒன்று அவர் தலைக்குள் இருந்தது. அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லவைத்து, அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டு, அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றைக் கேட்க அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

கமிட்டிக் கூட்டம் பயந்த அளவுக்கு இல்லை. பெரிய பேராசிரியர்கள் ஒன்றிரண்டு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். மடக்கியவர் மருத்துவத் துறை சாராத பொது உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் துறையில் வழிவழியாக வரும் தமிழ்ப் படிவத்தில் "இவ்வாய்வில் பங்கேற்பதால் தங்களுக்கு யாதொரு இடையூறும் நேரிடாது" என்று ஒரு வரி உண்டு. அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ரத்தம் எடுக்கிறீங்களே, ஊசி குத்தினா வலிக்காதாம்மா? அப்புறம் எப்படி இடையூறு இல்லைன்னு எழுதியிருக்கீங்க?" என்றார். அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருத்திய படிவத்தில், ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம், ஊசி குத்தும்போது வலிக்கும், சேர விருப்பமில்லை என்றாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று எழுதினேன். வார்டில் கையெழுத்து வாங்கும்போது நேரம் பாதியாகக் குறைந்தது. கைநாட்டு வைப்பவர்களுக்கு ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் வேண்டும். பக்கத்துப் படுக்கை நோயாளியின் உறவினர்கள்தான் பெரும்பாலும் கைகொடுத்தார்கள்.

அடுத்து சி.டி.ஆர்.ஐ. பதிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2007-ல் தொடங்கிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இது. 2018 ஏப்ரல் 1 முதல், ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்பவர்களுக்குத்தான் எண் கிடைக்கும். எங்கள் கல்லூரியில் தீசிஸுக்கும் இது கட்டாயம். கமிட்டி ஒப்புதல் கடிதத்தையும் அதில் ஏற்ற வேண்டும். எனக்கு வந்த கடிதத்தில் தலைவர் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. திரும்பவும் அதே கிளார்க், அதே நாற்காலி. இதற்கிடையில் மழை ஆரம்பித்துவிட்டது. பாடப்புத்தகத்தில் படம் போடலாம் என்கிற மாதிரி கேஸ்கள் வார்டுக்கு வந்து, குணமாகி, வீட்டுக்குப் போனார்கள். பதிவு எண் வரும்வரை அவர்களில் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது. வைத்தியம் பார்க்கலாம், எண்ணிக்கையில் வராது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை. கடிதத்தைக் கையில் வாங்கியதும் தேதி, முத்திரை, தலைப்பு எழுத்துப்பிழை மூன்றையும் பார்க்காமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள்.

ஆய்வகத்தில் வேறு கதை. இந்த நோய்க்கு எதிராக உடலில் உண்டாகும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் டெஸ்ட்தான் எலைசா, அதன் தட்டில் 96 குழிகள். நான்கைந்து சாம்பிளுக்காக யாரும் கிட்டைப் பிரிக்க மாட்டார்கள், சேரும்வரை ஃப்ரீசரில் கிடக்கும். ரிசல்ட் வரும்போது நோயாளி வீட்டுக்குப் போய்விட்டிருப்பார். சிகிச்சைக்கு அதனால் பாதிப்பில்லை, சந்தேகம் வந்த அன்றே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்துவிடுவோம், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தீசிஸுக்குத்தான் சிக்கல். முதல் வாரத்தில் ஐ.ஜி.எம். நெகட்டிவாக வரலாம். அதனால் சாம்பிள் குழாயில் அட்மிஷன் தேதியோடு நிற்காமல் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்றும் எழுதுங்கள். 4-ம் நாளில் வந்த நெகட்டிவையும் 10-ம் நாளில் வந்த நெகட்டிவையும் ஒரே பத்தியில் போட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தொலைந்தீர்கள். வைல்-ஃபீலிக்ஸ் என்ற பழைய ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 1916-ல் வந்த டெஸ்ட், செலவு கம்மி, ஆனால் உண்மையான கேஸ்களில் நிறைய தப்பிவிடும்.

எஸ்கார், அதாவது உண்ணி கடித்த இடத்தில் வரும் புண், அதைத் தேடுவது தனிக் கலை. சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் "புண் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஒரு பெரியவர், ஆடு மேய்ப்பவர், அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கடைசியில் அரைஞாண் கயிற்றை ஒரு விரலால் மேலே தள்ளினேன். கயிறு படிந்திருந்த கோட்டிலேயே, இடுப்பின் பின்பக்கம், உளுந்து அளவில் கறுப்புப் பொருக்கு. "அது கயிறு உரசுனது தாயி" என்றார். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகும் இடத்தையும் மார்புக்கு அடியிலும் பாருங்கள். திரை போட்டு, சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காரணத்தைச் சொல்லிவிட்டுப் பார்த்தால் யாரும் மறுப்பதில்லை.

அதே பெரியவரிடம் எதைக் கேட்டாலும் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. வயசான காது என்று விட்டிருப்போம். மகள்தான், "காய்ச்சல் வந்ததுல இருந்துதான் டாக்டர் இப்படி, முந்தியெல்லாம் நல்லாக் கேக்கும்" என்றார். இந்தக் காய்ச்சலில் கேட்கும் திறன் குறைவது புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும், எங்கள் துறை ப்ரொஃபார்மாவில் (நோயாளி விவரம் குறிக்கும் படிவத்தில்) அதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் சேர்க்கத் திருத்த விண்ணப்பம், மறுபடி கமிட்டி, மறுபடி கிளார்க். இந்த முறை செக்லிஸ்ட் என் கையில் இருந்தது. ஒரே நடையில் வாங்கிக்கொண்டார்.

உண்மையான தலைவலி, எதைச் சிக்கல் என்று எண்ணுவது என்பதில்தான். சிறுநீரகப் பாதிப்புக்கு கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் வரையறை: ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 48 மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூட வேண்டும், அல்லது 7 நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்காக வேண்டும். வயல் வேலைக்குப் போகிறவரிடம் பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கே இருக்கும்? சிறுநீர் அளவும் கணக்கில் உண்டு, ஆனால் சார்ட்டில் எல்லா ஷிஃப்டிலும் "அடிக்குவேட்" என்ற ஒரே சொல். அளவு குடுவையை நானே படுக்கைக்குக் கீழே வைத்து, உடன் இருப்பவர்களிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்த பிறகுதான் எண்கள் வந்தன. நுரையீரலுக்கும் இதே கதைதான். 2012 பெர்லின் வரையறைப்படி வென்டிலேட்டரோ சிபாப்போ (முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்றுத் தரும் கருவி) இல்லாமல் ஏ.ஆர்.டி.எஸ். (கடும் நுரையீரல் பாதிப்பு) என்று எழுத முடியாது, சாதாரண வார்டில் மூச்சு வாங்குகிறவரை எங்கே சேர்ப்பது? 2023-ல் வந்த உலகளாவிய வரையறை பல்ஸ் ஆக்சிமீட்டர் கணக்கையும் ஏற்கிறது. எதை எடுப்பது என்று முதல் நோயாளிக்கு முன்பே கைடிடம் முடிவு வாங்கிவிடுங்கள்.

வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய இன்ட்ரெஸ்ட் என்ற மருந்து ஆய்வை வைவாவில் கண்டிப்பாகக் கேட்பார்கள் என்று கைடு சொல்லிவிட்டார். 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்தது. கடுமையான நோயில் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடப் பலன் கூடுதல். இறப்பு விகிதத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு அதில் உதவியது மருந்து முடிவைவிட வரையறை: 5-ம் நாளும் காய்ச்சல் நீடிக்கிறதா, 7-ம் நாளும் சிக்கல் நீடிக்கிறதா என்று நாளைக் குறித்தே எண்ணியிருந்தார்கள். நானும் ப்ரொஃபார்மாவில் அந்த இரண்டு நாட்களுக்கும் தனிப்பத்தி போட்டுக்கொண்டேன்.

கடைசி இடி ரெக்கார்ட்ஸ் செக்ஷனில். குணமாகிப் போனவர்களின் கேஸ் ஷீட் எல்லாம் சுலபமாகக் கிடைத்தது. இறந்தவர்களுடையது மட்டும் அலமாரியில் இல்லை, டெத் ஆடிட்டுக்குப் போயிருக்கிறது என்றார்கள். ஆடிட்டில் கேட்டால் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள். அவை இல்லாமல் எழுதினால் நோயே சாதுவாகத் தெரியும், ஏனென்றால் காணாமல் போனவைதான் மிக மோசமான கேஸ்கள். ஆர்.எம்.ஓ. (மருத்துவமனை நிர்வாக மருத்துவர்) கையெழுத்தோடு போனபோது, பழைய கட்டுகளை அடுக்கும் அண்ணன் ஒருவர், "எம்.எல்.சி. கட்டோட கலந்திருக்கும் மேடம், வாங்க" என்று கூட்டிப்போய் ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார் (எம்.எல்.சி. என்றால் போலீஸ் சம்பந்தப்பட்ட கேஸ்). எல்லாமே இருந்தன. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நோயாளி வார்டில் இருக்கும்போதே அன்றன்றைய மதிப்புகளை உங்கள் ப்ரொஃபார்மாவில் எழுதிவிடுங்கள், டிஸ்சார்ஜுக்கோ வேறு எதற்கோ காத்திருக்காதீர்கள்.

எக்செல், புள்ளியியல், ப்ளேஜரிசம் சான்றிதழ், பைண்டிங் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. ஒன்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை: ஆய்வு முடிந்ததும் எதிக்ஸ் கமிட்டிக்கு நிறைவு அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அது போகாமல் நோ டியூஸ் (பாக்கி ஏதுமில்லை என்ற) படிவத்தில் அந்தக் கிளார்க்கின் கையெழுத்து விழாது. அவர் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் சீட்டில் இருக்க மாட்டார், காலையிலேயே போய்விடுங்கள்.