பம்ப் ஓடுது, தண்ணி வரல

போன ஏப்ரல்ல அமெரிக்காவுல பீனிக்ஸ்லேர்ந்து, கட்டில், சிங்க், ஷவர்னு வீடு மாதிரி இருக்கற டிரெய்லர கார்ல இழுத்துக்கிட்டு கிராண்ட் கேன்யன் போயிருந்தோம், மேதர் கேம்ப்கிரவுண்ட்ல மூணு நாள் புக்கிங். அங்க வண்டி நிறுத்துற எடத்துல கரண்டும் கிடையாது, பைப்பும் கிடையாது, டேங்க்ல ரொப்பிக்கிட்டுப் போற தண்ணியும் பேட்டரில ஓடுற 12 வோல்ட் பம்ப்பும்தான். போயி சேரும்போதே இருட்டிருச்சு, வாங்கிட்டுப் போனத தின்னுட்டு படுத்துட்டோம். காலைல காப்பி வைக்கலாம்னு சிங்க் குழாய தொறந்தா புஸ்ஸு புஸ்ஸுனு ரெண்டு துப்பு துப்பிட்டு நின்னுபோச்சு. பம்ப் மட்டும் கட்டிலுக்கு அடியில டர்ர்ருனு ஓடிக்கிட்டே இருக்குது.

சாதாரணமா குழாய மூடுனா பைப்ல பிரஷர் ஏறி, ஒரு 50 பிஎஸ்ஐ கிட்ட வந்ததும் பம்ப்லயே இருக்கற சுவிட்ச் அத நிறுத்திரும். அன்னிக்கு எல்லா குழாயையும் மூடிட்டேன், நிக்கவே இல்ல. சத்தமும் வேற, தண்ணி இழுக்கறப்ப முக்கிக்கிட்டு வருமே, அந்த சத்தம் இல்ல, சும்மா லொடலொடனு வேகமா அடிக்குது. ராத்திரி குளிரு ஜீரோ டிகிரிக்கு கீழ போயிருக்கு, உறைஞ்சு, பம்ப் உள்ள தண்ணிய தள்ளுற ரப்பர் தகடு, டயஃப்ரம், கிழிஞ்சிருச்சுனு நானே முடிவு பண்ணிட்டேன். புது பம்ப் வாங்கணும்னா ஃபிளாக்ஸ்டாஃப் போகணும், 80 மைல். வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசல, கேன தூக்கிக்கிட்டு பொதுக்குழாய்க்கு போயிட்டா. அந்த அமைதிதான் பயம்.

சரின்னு பம்புக்கு முன்னாடி குப்பைய வடிகட்டற ஸ்ட்ரெய்னர கழட்டுனேன். வெள்ளையா சுருள் சுருளா பிளாஸ்டிக் சீவல், டேங்க்ல ஓட்ட போடும்போது விழுந்தது போல. கழுவி மாட்டிட்டு, அடடா கண்டுபுடிச்சுட்டேன்னு சுவிட்ச போட்டா திரும்பவும் அதே லொடலொட.

இங்க காலைல ஏழுன்னா ஊர்ல சாயங்காலம் ஏழரை. சிக்னல் கொஞ்சம் கிடைக்கற எடமா பாத்து நின்னு, காங்கேயத்துக்கு அப்பாவுக்கு போன போட்டேன். கிணத்து மோட்டாரோட அம்பது வருசம் மல்லுக்கட்டுன மனுசன்.

"தொட்டில தண்ணி இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்கப்பா, முக்கா டேங்க்."

"மோட்டாரு சுத்துதா?"

"சுத்துதுங்க."

"அப்பறம் மோட்டார எதுக்கு நோண்டற? சக்சன்ல, தண்ணி உறிஞ்சற பைப்புல, எங்கியோ காத்து இழுக்குது, அத பாரு."

சின்ன வயசுல பாத்ததுதான். கிணத்துக்குள்ள பைப் அடியில தண்ணி திரும்ப இறங்காம புடிக்கற ஃபுட்வால்வு ஒழுகுனா மோட்டாரு சுத்தும், தண்ணி ஏறாது, அப்பா சாணிய கரைச்சு குடம் குடமா மேல ஊத்துவாரு. சக்சன் பக்கம் ஊசி ஓட்ட இருந்தாலும் போதும், தண்ணி மட்டம் கீழ இருந்தா அது வெளிய சொட்டாது, காத்த உள்ள வாங்கும். நான் பாட்டுக்கு காலைலேர்ந்து எங்க ஈரம் இருக்குன்னு டார்ச் அடிச்சு தேடிட்டிருக்கேன்.

திரும்ப வந்து கட்டில தூக்கி, இந்த தடவ சாமான எல்லாம் வெளிய எடுத்தேன். 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்ட பம்ப் மேலயே சாஞ்சு கிடக்குது. அத தூக்குனா அடியில ஒரு வால்வு திருகு, அதுலேர்ந்து ஒரு முழம் டியூப் சும்மா மேல பாத்துக்கிட்டு நிக்குது. பனிக்காலத்துல பைப் உறையாம இருக்க ரோஸ் கலர் ஆன்டிஃப்ரீஸ பம்ப் ஜாடிலேர்ந்து உறிஞ்சறதுக்கு வச்ச டியூப். பீனிக்ஸ்ல எங்களுக்கு அது தேவையே படல, அப்படி ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சு. பையன சுவிட்ச போடச்சொல்லி அந்த டியூப் வாயில விரல வச்சேன். கப்புனு விரல புடிச்சு இழுத்துச்சு, பம்ப் சத்தம் உடனே கனமாச்சு. ஃபிளாக்ஸ்டாஃப் ஏத்தத்துல மூட்ட நகந்து திருக பாதி திருப்பிவிட்டிருக்கு, பாதி தண்ணி பாதி காத்துன்னு நின்னா காத்துதானே லேசு, அதைத்தான் இழுக்கும்.

கால் சுத்து திருப்புனேன். சிங்க் குழாய் இருமுச்சு, துப்புச்சு, அப்பறம் கம்பி மாதிரி வந்துச்சு. மூடுனதும் பம்ப் டக்குனு நின்னுச்சு. அந்த டக்கு இருக்கே, ஆஹா.

பொதுக்குழாய்லேர்ந்து கேனோட வந்தவ, பக்கத்து வண்டிக்காரர் சொன்னதா ஒரு கத சொன்னா. நாங்க தங்குன இந்த தெக்கு விளிம்பு, சவுத் ரிம், தண்ணியே கேன்யனுக்கு அந்தப் பக்கம் ரோரிங் ஸ்பிரிங்ஸ்ங்கற ஊத்துலேர்ந்து பன்னெண்டரை மைல் பைப்ல வருதாம், 2010லேர்ந்து 85 தடவைக்கு மேல உடைஞ்சிருக்காம், அப்படி உடைஞ்சுதான் 2024 ஆகஸ்ட் கடைசில இங்க ஓட்டல்ல யாரையும் ராத்திரி தங்கவே விடலியாம். நம்ம தொல்ல தூசு.

சாயங்காலம் அப்பாவுக்கு வீடியோல பம்ப காட்டுனேன். "இத்தினியூண்டா? இதுக்கா அந்த சத்தம்?"ன்னாரு.

திருக ஒரு கயித்துல இழுத்து கட்டியாச்சு. அரிசி மூட்ட இப்ப ஷவர்ல உக்காந்திருக்கு, யார் குளிக்கப் போனாலும் தூக்கி வெளிய வச்சுட்டுதான் குளிக்கணும், அதுக்கு தினமும் தனியா திட்டு விழுந்துட்டிருக்கு.