வீமனின் வயிறும் வெள்ளிக்கிழமைச் சமையலும்

அடிக்கடி வயிறு குழம்பும் நாய்க்கு எந்த உணவு நல்லது என்று கேட்பவர்களிடம், புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன்னர் இப்போது கொடுப்பவற்றில் எதை நிறுத்தலாம் என்று பாருங்கள் என்றே நான் சொல்வேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் நாய்க்கென்று தனிச் சமையல் நடப்பது குறைவு. காலையில் மிஞ்சிய புட்டு சொதியோடும், மதியச் சோறு மீன்குழம்போடும் அதன் சட்டிக்குப் போய்விடும். உறுதியான குடல் உள்ள நாய் இதைப் பல ஆண்டுகள் தாங்கிக்கொள்ளும். எங்கள் வீமனுக்கு அது ஒத்துவரவில்லை.

சொதியையே எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப்பால், வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், சில வீடுகளில் உள்ளி. உறைப்புக் குறைவானதால் குழந்தைக்கும் கொடுக்கிறோம், நாயை மட்டும் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியவை. அவித்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை, துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஊற்றினாலும் சாற்றில் அது இறங்கியே இருக்கும். தேங்காய்ப்பாலிலும் பொரியலிலும் உள்ள கொழுப்பு இன்னொரு தொல்லை. கொழுப்பு மிகுந்த உணவு சில நாய்களில் கணைய அழற்சியைத் தூண்டிவிடும். திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கும் நாய், முன்கால்களை நீட்டி மார்பைத் தரையோடு தாழ்த்தி, பின்பகுதியை மட்டும் உயர்த்தியபடி நெடுநேரம் நின்றால், அது சோம்பல் முறிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கடுமையான வயிற்றுநோவின் அடையாளம் அது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி, சனிக்கிழமை இறைச்சி என்று வீட்டுச் சமையல் மாறும்போது நாயின் உணவும் ஒரே இரவில் மாறுகிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் பருப்பும் சோறும் தின்ற நாய்க்கு, திருவிழா முடிந்த கையோடு ஆட்டிறைச்சிக் கறியும் எலும்பும் கிடைத்தால், அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்குப் பழகிக்கொள்ள நேரமே இருப்பதில்லை. எந்தப் புதிய உணவையும் முதலில் காற்பங்கு, பின்னர் அரைப்பங்கு என்று ஏழு முதல் பத்து நாட்களில் கூட்டிக்கொண்டு போவதே முறை. ஆசாரம் பார்க்கும் வீடுகளில் நாய்க்குரிய இறைச்சியை வெளியடுப்பில், அதற்கென ஒதுக்கிய சட்டியில் அவித்துக்கொள்ளலாம். வீட்டார் விரதமும் கெடாது, நாயின் வயிறும் கெடாது. சமைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடியது என்பதால், அதை எந்த நாளிலும் கொடுக்க வேண்டாம்.

வயிற்றோட்டம் தொடங்கிய வளர்ந்த நாய்க்கு, அது சுறுசுறுப்பாக இருக்குமானால், தோல் நீக்கி அவித்த கோழி நெஞ்சிறைச்சி ஒரு பங்கும், குழைய வடித்த பச்சையரிசிச் சோறு இரண்டு பங்கும் உப்பின்றிக் கலந்து, ஒரு நாளில் நான்கைந்து சிறு வேளைகளாகக் கொடுக்கலாம். அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு கரண்டி சேர்த்தால் அதன் நார் மலத்தை இறுக்க உதவும். கோழி ஒத்துக்கொள்ளாவிட்டால் முள் நீக்கிய விளைமீன் நல்லது. பால் வேண்டாம்; வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை. தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். அயல்வீட்டு அம்மா எங்கள் வேலியடியில் நின்று, "என்ன பிள்ளை, வெறுஞ்சோறும் அவிச்ச இறைச்சியும் போட்டால் அது பாவமெல்லோ?" என்று கேட்டார். நாய்க்குச் சோறே ஆகாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஓநாயைவிட மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் நாய்க்கு மிகுதி என்பதை 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டியது. ஆகவே சோறு குற்றமில்லை. ஆனால் இந்தப் பத்தியம் சில நாட்களுக்கு மட்டுமே. கல்சியம் முதலிய சத்துகள் இதில் போதாமையால், மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு நலியும்.

கடையுணவுக்கு மாறுபவர்கள் பொதியின் முன்புறப் படத்தைப் பாராமல் பின்புறத்து எண்களைப் படிக்க வேண்டும். அவற்றை ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்துக் கணக்கிட வேண்டும். ரின்னில் வரும் ஈர உணவில் கொழுப்பு 5 வீதம், ஈரம் 78 வீதம் என்றிருந்தால், எஞ்சும் 22 பங்கில் 5 பங்கு கொழுப்பு, அதாவது ஏறத்தாழ 23 வீதம். கொழுப்பு 12 வீதமும் ஈரம் 10 வீதமும் உள்ள உலருணவிலோ அது 13 வீதம் மட்டுமே. கணையம் நொந்த நாய்க்கு எதை வாங்குவது என்பதை இந்தக் கணக்கு அடியோடு மாற்றிவிடும். சாக்கைத் திறந்துவைத்துக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் உணவை நான் வாங்குவதில்லை. நம் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அதன் கொழுப்பு விரைவில் காறிப்போகும். காலாவதித் திகதியும் தெரியாது. சிறிய பொதியாக வாங்கி, காற்றுப்புகாமல் மூடி வைப்பது விலை சற்றுக் கூடினாலும் நன்று.

பத்தியத்தில் தேறி, பழைய உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் வயிறு போகிற நாய்க்கு உணவு ஒவ்வாமை இருக்கலாம். மாட்டிறைச்சி, பாற்பொருட்கள், கோழி ஆகியவையே நாய்களில் பெரும்பாலும் ஒவ்வாமையை உண்டாக்குபவை. மிருக வைத்தியரின் மேற்பார்வையில், அது முன்னர் தின்றிராத ஒரே ஒரு புரத உணவைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பதே இதற்குச் சரியான சோதனை. அந்த வாரங்களில் யாரும் பிஸ்கட் துண்டொன்றைக்கூடப் போடக்கூடாது. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இதுதான் மிகவும் சிரமம்.

உணவால் தீராத வயிற்றுநோய்களும் உள்ளன. தடுப்பூசி போடாத குட்டி சத்தியெடுத்து இரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ வைரஸ் என்னும் கொடிய குடல்தொற்றாக இருக்கலாம். ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தார்போன்ற கரிய மலம், தண்ணீரும் தங்காத சத்தி, எழும்ப மாட்டாமல் படுத்திருத்தல் என்பவையும் அவ்வாறே. வளர்ந்த நாய்க்கு நெடுநாளாக மலம் இளகியே போனால், வைத்தியரிடம் போகும்போது அன்று காலை கழித்த மலத்தில் கொஞ்சத்தை மூடியுள்ள சிறு போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். கொக்கிப்புழுவின் முட்டை அதில் தெரிந்தால், உணவை மாற்றுவதற்கு முன் பூச்சி மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.