அயர்லாந்தின் முதல் வெள்ளிக் காசுகளைத் தேடி வாங்கிய அனுபவம்

1922-ல் தனி ஆட்சி பெற்ற அயர்லாந்து, தன் சொந்தக் காசை வெளியிட 1928 டிசம்பர் ஆகிவிட்டது. அதில் வெள்ளிக் காசுகள் மூன்றுதான்: குதிரை போட்ட அரை கிரவுன் (இரண்டரை ஷில்லிங்), சால்மன் மீன் போட்ட ஃப்ளோரின் (இரண்டு ஷில்லிங்), காளை போட்ட ஷில்லிங். மூன்றும் 1928 என்றே இருக்க வேண்டும், யாரும் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் தேட ஆரம்பித்தேன்.

ஷில்லிங்கும் ஃப்ளோரினும் சீக்கிரமே அமைந்தன. அரை கிரவுன்தான் அலைய வைத்தது. வந்ததில் பாதி பாலிஷ் போட்டவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு மிச்சமிருக்கும். கடைசியில் சாம்பல் நிறம் படிந்த ஒன்று கிடைத்தது. குதிரையின் தோள் கொஞ்சம் தேய்ந்திருந்தது, பிடரி மயிர் அப்படியே இருந்தது. எனக்கு அது போதும்.

அப்புறம் வெள்ளி உண்மைதானா என்ற சோதனை. புதிதாக இருந்தபோது அரை கிரவுனின் எடை 14.14 கிராம். அளவிலும் எடையிலும் அன்றைய பிரிட்டிஷ் காசுக்குச் சமம்தான். ஆனால் பிரிட்டன் 1920-லேயே வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்துவிட்டது. அயர்லாந்து 75 சதவீதம் போட்டது. புதிதாகப் பிறந்த ஓர் அரசு தன் காசில் கூடுதல் வெள்ளி வைத்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் படாமல் அமிழ்த்த வேண்டும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். தராசு 1.4 கிராமை ஒட்டிக் காட்டியது. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்; 10-க்குச் சற்று மேல் வருகிறது. சரியான வெள்ளி. செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் 9-ஐக்கூடத் தொடாது.

1943 அரை கிரவுன், ஃப்ளோரின் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. அந்த வருடத்தோடு வெள்ளி நின்றுபோனது. அடித்ததில் தப்பியவை மிகக் குறைவு, விலையும் அதற்கேற்றபடி. 1942 காசின் கடைசி எண்ணைத் திருத்தினாலும் வெள்ளி வெள்ளியாகத்தானே இருக்கும்? அங்கே எண்ணைச் சுற்றியுள்ள பரப்பை லென்ஸில் பார்ப்பதுதான் வழி.

காசுகளின் இன்னொரு பக்கத்தில் ராஜா தலை கிடையாது, யாழ் மட்டும்தான். கவிஞர் யேட்ஸ் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்த வடிவங்கள் இவை. வரைந்தவர் பெர்சி மெட்காஃப் என்ற ஆங்கிலேயர், அடித்ததும் லண்டன் நாணயச் சாலையில். யாழைச் சுற்றி 'சீர்ஸ்டாட் ஏரன்' என்று நாட்டின் அப்போதைய பெயர் ஐரிஷ் எழுத்தில் இருக்கும். 1939 முதல் அது 'ஏரா' என்று மாறியது. அந்த வரிசையிலும் ஒரு குதிரையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.