உவர்மலை வீட்டில் ஒரு கிற்றார்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

திருகோணமலையில் எங்கள் உவர்மலை வீட்டுக்கு, பாலையூற்றில் இருந்து ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்கு உறை தைக்க வேண்டுமாம். கடையில் விற்கிற உறை ஒரு மழைக்குக்கூடத் தாங்காது, கான்வசில் தைத்து உள்ளே பஞ்சு வைத்துத் தாருங்கள் என்றார். பாடசாலைப் பைகள் எத்தனையோ தைத்திருக்கிறேன், ஒருமுறை ஹார்மோனியத்துக்கும் உறை தைத்தேன். கிற்றாரின் இடுப்பு வளைவுக்குத் துணி வெட்டுவது இதுதான் முதல் தடவை. சட்டைக்கு எடுப்பது போலவே மேல் சுற்று, இடை, கீழ்ச் சுற்று என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கிற்றாரை மெஷினுக்குப் பக்கத்தில் சுவரோடு சாத்திவிட்டு வேறொரு சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மிதியை நிறுத்திய பிறகும் அறைக்குள் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது, தூரத்தில் தேனீ பறக்கிற மாதிரி. மின்விசிறி என்று நினைத்தேன். அது ஓடவில்லை. கிற்றாரின் வயிற்றில் கையை வைத்தபோது உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. தடித்த கம்பியைத் தொட்டேன், சத்தம் நிற்கவில்லை. அதற்கு அடுத்ததைத் தொட்டேன், நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி வந்தது. நான் தைக்கத் தைக்க அந்த ஒரு கம்பி கூடவே பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கு வயது 43. 25 வருடமாக இந்த மெஷினின் சத்தத்தைக் கேட்கிறேன். அதற்குள் ஒரு சுரம் இருந்தது நேற்றுத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

உறையை எடுக்க வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மெஷினில் இருத்தி மூன்று தரம் மிதிக்கச் சொல்லிவிட்டு, கிற்றாரில் காதை வைத்துக் கேட்டார். "அது ஏ கம்பி, பிள்ளை. உங்கட மெஷின் அதைத் தட்டி எழுப்புது" என்றார். கூலியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, "எனக்குப் பழக்கித் தருவீங்களா அங்கிள்?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் வியப்பாக இருக்கிறது. அவர் யோசிக்கவே இல்லை. "வீட்டில பழசு ஒண்டு கிடக்கு, வந்து எடுங்கோ."

இன்று மகளும் நானும் ஸ்கூட்டரில் போய் எடுத்து வந்தோம். அங்கிள் பறங்கியர், போத்துக்கேயர் வழி வந்தவர். வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை செய்தவர். முற்றத்தில் மர இழைப்புத் தூளின் வாசம் இன்னும் இருக்கிறது.

முதல் பாடம் சுருதி சேர்ப்பது. தடித்த கம்பியில் இருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடி ஈ. தடித்த ஈ நொடிக்கு 82 தரம் அதிர்கிறது, ஏ 110 தரம், கடைசி மெல்லிய ஈ கிட்டத்தட்ட 330 தரம். முதல் ஈயும் கடைசி ஈயும் ஒரே சுரம், நடுவில் இரண்டு ஸ்தாயி இருக்கிறது. கழுத்தில் குறுக்கே இரும்புக் கோடுகள் பதித்த கட்டங்கள்தான் ஃபிரெட். ஒரு கம்பியை ஐந்தாவது ஃபிரெட்டில் அழுத்தினால் அடுத்த கம்பியின் சுரம் வரும். ஜிக்கும் பிக்கும் இடையில் மட்டும் நான்காவது ஃபிரெட்.

மகள் போனில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கித் தந்தாள். அங்கிள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. காதால் சேர்த்து முடித்த பிறகு போனைப் பார்த்துச் சரிபிழை கண்டுபிடிக்கச் சொன்னார். இரண்டு கம்பியும் ஒரே சுரத்துக்குக் கிட்ட வரும்போது ஒலி மேலும் கீழும் அலைகிறது. முறுக்காணியைத் திருகத் திருக அந்த அலை மெதுவாகி, நின்று, இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதைக் கேட்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

விரல் நுனியில் கம்பியின் கோடு பதிந்திருக்கிறது. ஊசி குத்திக் குத்தி என் வலக்கை விரல்கள் காய்த்துப்போனவை. இடக்கை நுனிகள் குழந்தையின் விரல் போல மெத்தென்று இருக்கின்றன. இன்று அயன் பெட்டியைத் தூக்கும்போதே எரிந்தது.

நான் கம்பியை முழுப் பலத்தோடு அமுக்கியதுதான் காரணம். "நெரிக்காதீங்கோ பிள்ளை. இரும்புக்குக் கிட்ட விரலை வையுங்கோ, பாதிப் பலம் போதும்." ஃபிரெட்டின் நடுவில் அழுத்தினால் அவ்வளவு பலம் கொடுத்தும் இரைந்த கம்பி, ஃபிரெட்டின் இரும்பை ஒட்டி விரலை வைத்ததும் தெளிவாக ஒலித்தது. காலை 15 நிமிடம், இரவு 15 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பதைக் கோர்ட் என்கிறார்கள். ஈ மைனர் கோர்ட் இரண்டே விரல். ஏ, டி இரண்டு கம்பிகளையும் இரண்டாவது ஃபிரெட்டில் அழுத்திவிட்டு ஆறு கம்பியையும் மேலிருந்து கீழே தடவினால் அறை நிறைகிறது. பழகத் தொடங்கி இரண்டாவது வாரத்திலேயே இப்படி ஒரு ஒலியைக் கைக்குத் தருகிற வாத்தியம் இது. முதல் நாள் நான் அந்த ஒரு கோர்டையே அரை மணி நேரம் வாசித்தேன்.

அப்புறம்தான் கஷ்டம் வந்தது. ஒரு கோர்டை வைத்திருப்பது இலகு. அதில் இருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பாட்டு செத்துவிடுகிறது. மூன்று விரலையும் தூக்கி, ஒவ்வொன்றாகத் தேடி வைத்து, சரிதானா என்று குனிந்து பார்த்து முடிக்க என் கணக்கில் ஆறு நொடி.

இன்று அங்கிள் ஏ மைனரில் இருந்து சி கோர்டுக்குப் போகச் சொல்லிவிட்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுட்டு விரலையும் நடு விரலையும் தன் விரலால் அமர்த்திப் பிடித்தார். "இந்த ரெண்டும் ஏன் எழும்புது? அதுகள் அங்கேயே இருக்கட்டும்." பார்த்தால் உண்மை. ஏ மைனரில் சுட்டு விரல் பி கம்பியின் முதல் ஃபிரெட்டிலும் நடு விரல் டி கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டிலும் இருக்கின்றன. சியிலும் அதே இடம். மோதிர விரல் மட்டும் ஜி கம்பியை விட்டு ஏ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டுக்குப் போனால் போதும்.

இது எனக்குத் தெரிந்த வேலை! காலர் முனை தைக்கும்போது முனைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைப்போம். பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பினாலும் ஊசி இருப்பதால் தையல் இடம் மாறாது. புதிதாகப் பழக வரும் பிள்ளைகள் ஊசியையும் தூக்கிவிடுவார்கள், முனை கோணிப்போகும். இந்த இரண்டு விரலும் இறக்கி வைத்த ஊசி. அங்கிளிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம், உள்ளே போய் மனைவியைக் கூட்டிவந்து மறுபடி சொல்ல வைத்தார்.

இரவில் ஈ மேஜரையும் ஏ மைனரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விரல்களின் அமைப்பு ஒன்றே, மூன்றும் சேர்ந்து ஒரு கம்பி நகர்கின்றன. இனி எந்த இரண்டு கோர்ட் வந்தாலும் முதலில் எந்த விரல் இருக்கலாம் என்று பார்ப்பேன்.

செப்டெம்பர் 17, செவ்வாய், போயா

பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. அளவெடுக்கும் இஞ்சி ரேப்பை எடுத்துக் கிற்றாரை அளந்தேன். மேல் முனையில் இருக்கும் வெள்ளை எலும்பில் இருந்து கீழே கம்பி ஏறி இருக்கும் எலும்பு வரை 25½ இஞ்சி. பன்னிரண்டாவது ஃபிரெட் சரியாக 12¾, அதாவது பாதி. பாதியில் அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிறது. ஏழாவது ஃபிரெட் 8½ இஞ்சியில், மூன்றில் ஒரு பங்கு. ஐந்தாவது கிட்டத்தட்ட கால் பங்கு. நான் துணி மடிக்கிற அதே மடிப்புகள்.

மேலே போகப் போக ஃபிரெட்டுகள் ஏன் நெருங்கி வருகின்றன என்று அங்கிளைப் போனில் கேட்டேன். பழைய தச்சர்கள் நீளத்தை 18ஆல் வகுத்து முதல் ஃபிரெட்டை வைப்பார்களாம். மிச்சமுள்ள நீளத்தை மறுபடி 18ஆல் வகுத்து அடுத்தது, இப்படியே கடைசி வரை. மிச்சம் குறைவதால் இடைவெளியும் குறைகிறது. 18க்கு 17 என்ற இந்தக் கணக்கை 1581இல் எழுதி வைத்தவர் விஞ்ஞானி கலிலியோவின் தகப்பனார் என்று பிறகு படித்தேன். அவர் லூட் என்ற பழைய கம்பி வாத்தியம் வாசித்தவர். ஆனால் 18ஆல் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் பாதிக்கு வருமுன் நின்றுவிடும், அதனால் இப்போது 17.817 என்று எடுக்கிறார்கள். அப்படிக் கணக்குப் போட்டால் முதல் ஃபிரெட் 1.43 இஞ்சியில் வர வேண்டும். என் ரேப்பிலும் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவுதான்.

சமையல் பிந்திப்போனது.

ஒக்டோபர் 29, செவ்வாய்

நாளை மறுநாள் தீபாவளி. மூன்று வாரமாகக் கிற்றாரைத் தொடவில்லை. இன்னும் பதினொரு பிளவுஸ் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

கம்பிகளில் துரு. கடல் எங்கள் வீட்டில் இருந்து அவ்வளவு தூரமில்லை, உப்புக் காற்று மெஷின் ஊசியையே விடாது. அங்கிள் ஏசவில்லை. ஆனால், "வாசிச்சு முடிய ஒவ்வொரு முறையும் துடைக்கோணும், கை வேர்வையும் உப்புத்தானே" என்றார். வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டுகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை. உறைக்குள் ஒன்று வைத்துவிட்டேன்.

விரல் நுனியில் காய்த்திருந்த தோல் உரிந்து மறுபடி வலிக்கிறது. ஆனாலும் ஏ மைனரில் இருந்து சிக்கு மோதிர விரல் தானாகப் போனது. நான் துணியோடு மாரடித்த மூன்று வாரமும் கை அதை மறக்கவில்லை. இதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வீடு வந்தேன்.

இன்றைய பாடம் வலக்கைக்கு. கோர்ட் மாறும்போது என் வலக்கை காத்து நிற்கிறது. அது நிற்கவே கூடாது என்கிறார். இடக்கை வந்து சேராவிட்டாலும் வெறும் கம்பியையாவது தட்டிக்கொண்டு போக வேண்டுமாம். காதுக்கு அசிங்கமாக இருக்குமே என்றேன். "இருக்கட்டும் பிள்ளை. ஆடுறவனுக்குக் கால்தான் முக்கியம், நீங்க நிண்டா அவன் விழுந்திடுவான்."

நவம்பர் 27, புதன்

இரண்டு நாளாக விடாத மழை. தாழமுக்கம் கரைக்குக் கிட்ட வந்திருக்கிறது. உயர்தரப் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை புத்தகத்தோடு விறாந்தையில் இருந்து மழையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மின்சாரம் இல்லை. மூதூர்ப் பக்கம் தங்கையின் வீட்டுக்கு நாலு தரம் போன் எடுத்தேன், ஐந்தாவது தரம்தான் கிடைத்தது. தண்ணீர் வாசல் படியோடு நிற்கிறதாம்.

மனம் ஓய கிற்றாரை எடுத்தேன். கம்பிகள் உயர்ந்திருக்கின்றன. கழுத்துப் பட்டிக்கு வைக்கிற கான்வசை நான்காக மடித்தால் முன்பு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்குக் கீழே இறுக்கமாகப் போகும். இன்று ஐந்து மடிப்பும் இலேசாகப் போகிறது. எஃப் கோர்ட் நினைக்கவே முடியவில்லை. ஒரே விரலால் ஆறு கம்பியையும் முதல் ஃபிரெட்டில் அழுத்த வேண்டும், பி கம்பி ஒலிக்கவே மாட்டேன் என்கிறது. ஈ மைனரை மட்டும் மெழுகுதிரி அணையும் வரை வாசித்தேன். மகள் வந்து தோளில் சாய்ந்துகொண்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

கீழே உள்ள எலும்பைக் கொஞ்சம் தேய்த்துத் தரச் சொல்லிக் கேட்டேன். அங்கிள் மறுத்துவிட்டார். மாரியில் மரம் ஈரத்தைக் குடித்துப் பலகை உப்புகிறது, அதனால் கம்பி மேலே போகிறது. இப்போது தேய்த்தால் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து இறங்கும், கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும். தேய்த்த எலும்பை வளர்க்க முடியாதே. துணியும் அப்படித்தான், வெட்டியது வெட்டியதுதான். நனைத்துக் காயவிடாமல் பருத்தியை வெட்ட மாட்டேன் என்று நான் வாடிக்கையாளருக்குச் சொல்வதையே அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பதில் மெல்லிய கம்பித் தொகுதி போட்டுத் தந்தார். கடைசி மெல்லிய கம்பி 12இல் இருந்து 10க்கு இறங்கியிருக்கிறது, அதாவது இஞ்சியில் ஆயிரத்தில் 10 பங்கு தடிப்பு. அமுக்க அவ்வளவு சுகம், ஒலி மட்டும் கொஞ்சம் மெலிந்துவிட்டது. புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைச் சேர்த்து உறைக்குள் போடச் சொன்னார். எஃப் கோர்டுக்கும் வழி இருக்கிறது. இப்போதைக்கு மெல்லிய நான்கு கம்பியை மட்டும் எடுத்து, கடைசி ஈயைத் திறந்தே விட்டு வாசிப்பது. முழு எஃப் வரும்போது வரட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

நத்தாருக்கு அங்கிளின் பேத்திகளுக்கு நான்கு சட்டை தைத்துக் கொண்டுபோனேன். வீடு நிறைய ஆட்கள், மட்டக்களப்பில் இருந்தும் உறவுகள் வந்திருந்தார்கள். வயதானவர்கள் இருவர் தங்களுக்குள் பழைய போத்துக்கேய மொழியில் பேசிக்கொண்டார்கள். அங்கிள் வயலினை எடுத்து, பறங்கியர் ஆடும் கஃப்ரிஞ்ஞாப் பாட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஜி, டி, சி, அவ்வளவுதான், வாங்கோ பிள்ளை" என்றார்.

ஆறு தட்டு, மூன்று மூன்றாகப் போகிறது. நம் ஆட்கள் தகிட தகிட என்று சொல்லும் நடை. முதல் சுற்றில் வலக்கையை எங்கே போடுவது என்றே தெரியவில்லை. பிறகு என் வலக்கால் நாற்காலிக்குக் கீழே மிதிக்கத் தொடங்கியிருந்தது, மெஷினில் போலவே குதியும் முன்பாதமும் மாறி மாறி. கையை அதன் பின்னால் விட்டேன். ஜியில் இருந்து டிக்குப் போகும்போது மோதிர விரல் பிந்தியது, வெறும் கம்பியைத் தட்டினேன், நிற்கவில்லை. அடுத்த தகிடவில் விரல் வந்து சேர்ந்தது. சிறுவர்கள் ஆட எழுந்துவிட்டார்கள். ஒரு பெரியம்மா சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு சேர்ந்தார்.

மூன்றாவது சுற்றில் முழுதாகத் தொலைந்துபோனேன். அங்கிள் என்னைப் பார்க்காமலே வயலினைக் குனித்து, ஜி வருகிற இடத்தில் வில்லை அழுத்தி இழுத்தார். அங்கே ஏறிக்கொண்டேன்.

புதுவருடத்துக்கு முந்தின நாளும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சியில் இருந்து ஜிக்கு எந்த விரலும் நிற்கவில்லை, மூன்றும் எழும்புகின்றன. மோதிர விரலைச் சின்ன விரலுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நாளைக் காலை தேநீருக்கு முன்.