நாற்பத்தொரு செக்கன் பிந்திய படம்

அம்மா இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தனியாக இருக்கிறார். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா. பின்னால் அப்பா கொத்தித் திருத்தி வைத்துவிட்டுப் போன சின்னத் துண்டு நிலம். அதில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டிருக்கிறார். நான் வேலை செய்வது கொழும்பில். அம்மாவை ஒரு கண் பார்த்துக்கொள்ளலாமே என்று முன்பக்க இஸ்தோப்பில் ஒன்று, பின்பக்கக் கூரை விளிம்பில் ஒன்று என இரண்டு வைபை கமரா பூட்டிக் கொடுத்தேன்.

ஜூலை மாதம், நல்ல மழை. இரவு எட்டு மணிபோல அம்மா கோல் எடுத்தார். "பின்னால நாய் விடாம குரைக்குது தம்பி, போய்ப் பாக்கவா?" பேசிக்கொண்டே செயலியைத் திறந்தேன். பாத்தி, வேலி, தூறல், வேறொன்றும் இல்லை. "ஒன்னும் இல்லம்மா, போங்க" என்றேன். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது, அடுத்து அம்மாவின் அலறல். என் திரையில் கதவு மூடியே இருந்தது. அதன் பிறகுதான் மூன்று காட்டுப்பன்றிகள் படத்துக்குள் வந்தன. கதவு திறந்து டோர்ச்சோடு அம்மா வந்தது அதற்கும் பிறகு. பன்றிகள் அவரை உரசிக்கொண்டு ஓடியதை, எல்லாம் முடிந்த பின்பு பார்த்தேன்.

"நீ ஒன்னும் இல்லன்னு சொன்னியேப்பா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் "மூடுபனி தம்பி, அதுதான் சிக்னல் இழுக்குது" என்றார்கள். ஆனால் பளிச்சென்று வெயில் அடித்த மத்தியானத்திலும் படம் பிந்தியே வந்தது. வைபை அலைக்குப் பனித்துளி ஒரு பொருட்டே இல்லை.

முதலில் அளக்க வேண்டும் என்று தோன்றியது. சுவர் மணிக்கூட்டை ஆணியிலிருந்து கழற்றி, பின்பக்கக் கமராவுக்கு முன்னால் ஒரு கதிரையில் நிறுத்தினேன். கையில் போன். மணிக்கூட்டில் செக்கன் முள் நிற்கும் இடத்தையும் போனில் அது நிற்கும் இடத்தையும் பார்த்துக் கழித்தால் போதும். படத்தின் மூலையில் ஓடும் நேரத்தை நம்பக்கூடாது, கமராவின் கடிகாரமே பிழையாக இருக்கலாம். போனை மொபைல் டேட்டாவில் வைத்துப் பார்த்தபோது பின்கமரா 41 செக்கன் பிந்தியது, முன்கமரா 14. அதே போனை வீட்டு வைபைக்கு மாற்றினேன். முன்கமரா 2, பின்கமரா 19.

இந்த நான்கு எண்களும்தான் வழி காட்டின. வீட்டு வைபையில் எங்கள் செயலி கமராவிடமிருந்தே நேராகப் படத்தை எடுக்கும், இணையத்துக்குப் போய்வராது. அங்கேயே 19 செக்கன் என்றால் கமராவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கோளாறு. டேட்டாவில் இரண்டுமே இன்னும் பிந்துகிறது என்றால் வீட்டிலிருந்து வெளியே போகும் வழியிலும் ஒரு கோளாறு. இது தெரியாமல் புதுக் கமரா வாங்கியிருந்தால் காசுதான் போயிருக்கும்.

ரவுட்டர் இரும்பு அலுமாரிக்கு மேல், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் பின்கமராவுக்கும் இடையில் அந்த அலுமாரி, வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர், அதைத் தாண்டி நான் மழைக்கு அடித்து வைத்த தகரம். இரும்பையும் தகரத்தையும் வைபை துளைத்துக்கொண்டு போகாது. கமராவின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் -82 என்று காட்டியது; இந்த எண் பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ சிக்னல் அவ்வளவு பலம். ரவுட்டரைப் பின் ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், -64 ஆனது. எதிர் மலையிலுள்ள டவரும் அந்த ஜன்னலுக்கு நேர் என்பதால் 4ஜி சிக்னலும் ஒரு கோடு ஏறியது. இன்னொன்று: இப்போது லயத்தில் பல காம்பராக்களில் ரவுட்டர் இருக்கிறது. போனில் பார்த்தால் ஐந்து ரவுட்டர்கள் 6ஆம் சனலில், அதாவது ஒரே அலைத்தடத்தில், நெருக்கியடித்துக்கொண்டிருந்தன, எங்களுடையதும் அதில் ஒன்று. வைபை ஓடும் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் வழக்கமாக எடுப்பவை 1, 6, 11 மூன்றும். 1க்கு மாற்றினேன். வீட்டு வைபையில் பின்கமராவும் 2 செக்கனுக்கு வந்தது.

ஆனால் இரவு எட்டு மணிக்கு டேட்டாவில் பார்த்தால் இன்னும் 20. வேகத்தைச் சோதித்தேன். இணையத்திலிருந்து வீட்டுக்கு வரும் இறக்கம் நன்றாகவே இருந்தது, வீட்டிலிருந்து வெளியே போகும் ஏற்றம் செக்கனுக்கு 0.7 மெகாபிட். இரண்டு கமராவும் ஆளுக்கு 2 மெகாபிட் அனுப்பப் பார்க்கின்றன. கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு ஒன்று, மலையிலிருந்து இறங்குகிற பெண்களோ நூறு பேர். கடைசியில் நிற்பவரின் கொழுந்து தராசுக்கு வரும்போது வாடியிருக்கும். படத்துக்கும் அதே கதி.

அதனால் வரிசையைக் குறைத்தேன். முன்கமரா 24 மணி நேரமும் பதிவை இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி மெமரி கார்ட் போட்டேன். இரண்டையும் படத்தை இன்னும் சிறிதாகச் சுருக்கும் எச்.265 முறைக்கு மாற்றி, நேரலைக்குக் குறைந்த தரத்தை வைத்து, ஒவ்வொன்றும் 300 கிலோபிட்டுக்கு மேல் போகாமல் கட்டினேன். பன்றியா மனுசனா என்று தெரிய அந்தத் தெளிவு தாராளம். முழுப் படம் நான்கு செக்கனுக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது. இடையில் வருவதெல்லாம் மாறிய பகுதிகள் மட்டும் என்பதால், முழுப் படம் ஒன்று வரும்வரை திரை திறக்காது. அதை ஒரு செக்கனாக்கினேன், திறக்கும்போது சுற்றிக்கொண்டே நிற்பது குறைந்தது.

இப்போது கொழும்பிலிருந்து பார்த்தால் பிந்துவது 4 செக்கன். அதற்குக் கீழே என்னால் கொண்டுவர முடியவில்லை. எங்கள் 4ஜி இணைப்பில் வெளியிலிருந்து ரவுட்டரை நேராகத் தொட வழியில்லை, படம் கம்பனியின் சேர்வர் வழியாகச் சுற்றித்தான் வருகிறது.

ஆகவே அம்மாவோடு ஓர் ஒப்பந்தம். படத்தைத் திறந்தவுடன் நான் எதுவும் சொல்வதில்லை, பத்து எண்ணுவேன். நான் சொல்லும்வரை அவர் தாழ்ப்பாளைத் தொடமாட்டார். போன கிழமை விடியப்புறம் நாய் குரைத்தது. "பொறுங்கம்மா" என்றேன். எட்டு எண்ணும்போது வேலியோரம் ஒரு மூஞ்சி தெரிந்தது. "இருக்கு, உள்ளேயே இருங்க." காலையில் இரண்டு பாத்திக் கிழங்கு போயிருந்தது. அம்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டே கோலில் அந்தக் கணக்கைச் சொன்னார்.