காணி உறுதியில் கிடைத்த பூட்டி

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகும், அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். கல்யாணம் கட்டிய பெண்ணுக்குக் கணவன் பெயர். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பூட்டன், பூட்டி (தாத்தா, பாட்டியின் பெற்றோர்) தலைமுறையைத் தாண்டுவதே கஷ்டம். அம்மம்மாவின் பூர்வீகத்தைத் தேடிய எனக்கு வழி திறந்தது காணி உறுதிகளில்தான், அதாவது நிலப் பத்திரங்களில்.

முதலில் எடுத்தவை கல்வெட்டுகள். ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்போமே, அவைதான். திதி வெண்பாவும் தேவாரமும் போக, பலவற்றில் வம்சாவளியும் இருக்கும். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய கல்வெட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றில் கண்ட மைத்துனர் பெயரை வைத்து அடுத்ததைத் தேடிப் போகலாம். ஆனால் ஒரே ஆளின் ஊரும் வயதும் கல்வெட்டுக்குக் கல்வெட்டு மாறுவதைப் பார்த்தேன். வேறு சான்று இல்லாமல் எதையும் உறுதியாக எழுதிவிட வேண்டாம்.

பிறப்பு, இறப்புப் பதிவைக் கேட்டுப் பதிவுக் கந்தோருக்கும் (அலுவலகத்துக்கும்) போனேன். எனக்கு வேண்டிய காலத்து ஏடு அங்கே இல்லை. போரும் இடப்பெயர்வும் கொண்டுபோனவற்றில் இவையும் சேர்த்தி.

அப்புறம்தான் பெரியம்மாவின் பெட்டகத்தில் இருந்த சீதன உறுதியை வாங்கிப் பார்த்தேன். எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுத்தில் தொகுத்தார்கள். சீதனமாக வீடும் வளவும் மகளுக்குப் போகும் வழக்கம் அதற்கும் முந்தியது. அதனால் ஒரே வளவு தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிக்கொண்டே வரும். காணியின் பின்னால் போனால் பெண்வழி முழுதும் தெரியவரும். கல்வெட்டில் "இன்னாரின் பாரியார்" என்று மட்டும் வரும் பெண்கள் உறுதியில் சொந்தப் பெயரோடு, தகப்பன் பெயரோடு நிற்கிறார்கள்.

உறுதியில் நான் நிறுத்தி வாசித்த இடங்கள் இரண்டு. ஒன்று, காணி கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்று சொல்லும் வரி. முந்திய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் (நோட்டரியின்) பெயர் எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துக் காணிப் பதிவகத்தில் பழைய உறுதியின் பிரதி கேட்கலாம். மற்றது எல்லைகள். கிழக்கே ஒழுங்கை, வடக்கே ஒரு பெண் பெயருக்குரிய காணி, கிணற்றில் இருவருக்கும் பங்கு என்று எழுதியிருந்தது. கிணற்றைப் பங்கு போட்டால் முன்பு ஒரே காணியாக இருந்திருக்கலாமே என்று அந்த வடக்குக் காணியின் உறுதியையும் தேடினேன். அவர் என் பூட்டியின் தங்கை! எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவர். அவருடைய பேரப்பிள்ளைகளோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் குடும்பத்தில் ஆர்னோல்ட், கரோல் போன்ற பெயர் இருந்தால் அமெரிக்க மிஷன் பக்கமும் பாருங்கள். அந்தக் கிறிஸ்தவ மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி என்ற கல்விக்கூடத்தில் படிப்புக்குப் பணம் தந்த அமெரிக்கர்களின் பெயரை மாணவர்களுக்கு வைத்தார்கள். அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளையின் பெயர் அந்த வகை.

காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு உறுதி வேண்டும் என்ற சட்டம் 1840இல் வந்தது. அதற்கு முந்தியதற்குக் கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ள ஒல்லாந்தர் காலத் தோம்புகளைத்தான், அதாவது காணிப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பழைய டச்சுக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் பெரியம்மாவின் உறுதிகளைப் படமெடுத்து உறவினர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.