பனிமலையில் பேட்டரி கையுறை

பனிமலைப் பயணம் உறுதியானதும் எனக்கு ஜாக்கெட், பூட்ஸ் பற்றியெல்லாம் பெரிய கவலை இல்லை, விரல்களைப் பற்றித்தான் கவலை. விடிவதற்கு முன்பே முகட்டுக்குப் போய், கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, சூரியன் வரும்வரை சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் மைனஸ் 15 டிகிரி வரை இறங்கும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு உடம்பு தானாகச் சூடாகும், அவர்களுக்கு நல்ல தடிமனான கையுறையே போதும். நிற்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். அதனால் பேட்டரியில் சூடாகும் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன்.

உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. மெல்லிய கார்பன் இழை அல்லது உலோகக் கம்பி புறங்கை வழியாக ஓடி, ஒவ்வொரு விரலின் நுனி வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது. மின்சாரம் பாயும்போது அது சூடாகிறது, அவ்வளவுதான். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சின்னப் பையில் லித்தியம் பேட்டரி. என்னுடையது 7.4 வோல்ட், 2200 எம்ஏஎச், அதாவது 2.2 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 16 வாட்-மணி வரும். முழுச் சூட்டில் ஒரு கையுறை 8 வாட் இழுத்தால் 2 மணி நேரம்தான், குறைந்த சூட்டில் இரண்டரை வாட் என்றால் 6 மணி நேரம் தாண்டும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் குறைந்த சூட்டுக்கான கணக்கு, வாங்கும்போது இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இந்த 8 வாட் என்பது ஒரு சின்ன எல்இடி பல்புக்குப் போகிற மின்சாரம். அதை வைத்து விறைத்துப்போன கையை மீட்டுவிடலாம் என்று நம்ப முடியாது. குளிர் கூடும்போது உடம்பு தன் நடுப்பகுதியைக் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ஒருமுறை சுருங்கிவிட்டால் வெளியிலிருந்து எவ்வளவு சூடு காட்டினாலும் விரல் வழிக்கு வர நேரமாகும். ஆகவே கை இதமாக இருக்கும்போதே, அறைக்குள்ளேயே கையுறையைப் போட்டு, சில நிமிடம் முழுச் சூட்டில் வைத்து, வெளியே வந்ததும் குறைத்துவிட வேண்டும். அப்புறம் நெஞ்சும் தலையும் கழுத்தும் நன்றாக மூடியிருக்க வேண்டும். ஜாக்கெட் கைக்கும் கையுறைக்கும் நடுவே மணிக்கட்டு தெரிந்தால், அங்கேயே நிறையச் சூடு போய்விடும்.

ஏறும்போது நான் சூட்டை முழுக்க அணைத்துவிட்டேன். செங்குத்தான ஏற்றத்தில் கை வியர்க்கும், வியர்த்தால் உள்துணி ஈரமாகும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், உச்சியில் போய் நின்றதும் அந்த ஈரமே எதிரியாகிவிடும். முகட்டை அடைந்து, மூச்சு நிதானமாகி, உடம்பு ஆறத் தொடங்கும் முன்பு சூட்டை மறுபடி போட்டுக்கொண்டால் சரியாக இருக்கிறது.

எங்களோடு வந்த ஒருவர் "சூடே வரலையே சார், பேட்டரி போயிடுச்சா?" என்று கேட்டார். பார்த்தால், உள்ளே கம்பளிக் கையுறை ஒன்றைத் தடிமனாகப் போட்டிருக்கிறார்! கம்பியின் சூடு கம்பளியைத் தாண்டி விரலுக்கு வரவே இல்லை. உள்ளே மெல்லிய உள்ளுறை, தடிமன் எல்லாம் சூட்டுக் கம்பிக்கு வெளியே, அதுதான் முறை. மெல்லிய உள்ளுறை இருந்தால் கேமராவைத் திருக அரை நிமிடம் கையை வெளியே எடுக்கவும் முடிகிறது. விரல் நுனியில் தொடுதிரைக்கென்று வைத்திருக்கும் துணியை நான் நம்புவதில்லை, தடித்த கையுறையோடு போனில் எதை அமுக்கினாலும் பக்கத்தில் உள்ளதுதான் திறக்கிறது.

இன்னொன்று, உள்ளங்கைப் பக்கம் பெரும்பாலும் கம்பி இருக்காது. மடக்கி மடக்கிப் பிடித்தால் அறுந்துபோகும் என்பது ஒரு காரணம், பிடிக்கும்போது உறுத்தும் என்பது இன்னொன்று. அதனால் ஸ்டாண்டின் உலோகக் காலை வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளங்கை வழியாகக் குளிர் ஏறும். காலைச் சுற்றி நுரைத்தாள் ஒட்டியது எனக்கு நன்றாகவே உதவியது.

குளிர் பேட்டரியையும் விடாது, சார்ஜ் சீக்கிரம் தீரும். உபரி பேட்டரி ஜோடியை உள் ஜாக்கெட் பையில், உடம்புச் சூடு படும் இடத்தில் வைத்திருந்தேன். திரும்பி வந்ததும் உடனே சார்ஜரில் மாட்டக் கூடாது, இது முக்கியம். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், திறன் நிரந்தரமாகக் குறையும், ஆபத்தும்கூட. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள்.

விரலில் உணர்வு குறைந்தவர்கள், குறிப்பாக நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. 44 டிகிரி அளவிலான சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும், உணர்வில்லாத விரலுக்கு அது தெரியாது. போட்டுக்கொண்டு தூங்கவும் வேண்டாம். விரல் வெளுத்து மெழுகு மாதிரி இறுகிவிட்டால் அது இந்தக் கையுறையின் வேலை இல்லை. திரும்பவும் உறையாது என்று உறுதியான இடத்துக்குப் போய் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போட முடியாது, கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். 100 வாட்-மணி வரம்புக்கு இது எங்கேயோ கீழே இருப்பதால் தனி அனுமதி தேவைப்படவில்லை. முனைகளில் டேப் ஒட்டி, கையுறையிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்தேன், பைக்குள் தானாக ஆன் ஆகிவிடக் கூடாதே.

ஊர் திரும்பியதும் பேட்டரியைத் தனியே வைத்துவிட்டு, கையுறையைக் கையால் லேசாக அலசி, முறுக்கிப் பிழியாமல், ஹீட்டர் மேல் போடாமல் நிழலில் காயவைத்தேன். பேட்டரி பாதி சார்ஜில் அலமாரிக்குப் போய்விட்டது. முழுச் சார்ஜிலோ காலியாகவோ மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும் என்பதால் நடுவில் எப்போதாவது எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்றி வைக்கிறேன்.